என் வாய்க்கு அரை கிலோ ஆர்டர்

தனியாக இருக்கும் ஆம்பளைக்குச் சோறு வடிக்கத் தெரியாது, துணி துவைக்கத் தெரியாது என்று சொல்வார்கள். அதெல்லாம் சும்மா. குக்கர் இருக்கிறது, வாஷிங் மெஷின் இருக்கிறது, மிச்சத்துக்குத் தெருமுனையில் டிபன் கடை இருக்கிறது. தனி ஆளால் முடியாத ஒரே வேலை, தன் வாய்க்குள் தானே எட்டிப் பார்ப்பதுதான். நம்பாதவர்கள் முயன்று பார்க்கலாம். ஒரு கையில் கண்ணாடி வேண்டும், ஒரு கையில் டார்ச் வேண்டும், உதட்டை இழுத்துப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். அந்த மூன்றாவது கை கல்யாணம் ஆனவர்களுக்கு வீட்டிலேயே கிடைக்கும். எனக்கும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. என் மனைவி ரீட்டா போனதோடு அதுவும் போனது.

இந்த ஒரு கை குறைந்த குற்றத்துக்காக, என் வாயின் உட்புறத்தைக் கல்மண்டபம் வட்டாரத்தில் மீன் வாங்குகிற முக்கால்வாசிக் குடும்பங்கள் பார்த்துவிட்டன. பார்த்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. விலை கேட்டார்கள்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் அந்தோணி. எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பைப், வால்வு, பம்ப் இவைதான் என் உலகம். எங்கே எது ஒழுகினாலும் அந்தோணியைக் கூப்பிடு என்பார்கள். அந்தப் பெருமை தலைக்கு ஏறி, ஓய்வு பெற்ற பிறகும் இறங்கவில்லை. பின்னால் நடந்த அத்தனைக்கும் அதுதான் காரணம்.

பற்கள் எனக்குச் சீக்கிரமே விடைபெற்றுக்கொண்டன. (வாலிபத்தில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாவா என்கிற புகையிலைப் பாக்கை மென்றவனுக்கு அவை அதுவரை தங்கியதே பெரிய விஷயம்.) மேலும் கீழும் முழு செட் கட்டினோம். முதல் நாள் மாட்டிக்கொண்டு வந்தபோது ரீட்டா என்னை நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, "மாப்ள மாதிரி கீற" என்றாள். நல்ல செட்தான். குறை சொல்ல முடியாது. ஆனால் பல் இல்லாத ஈறு வருஷத்துக்கு வருஷம் தேய்ந்துகொண்டே போகுமாம். செட் மட்டும் கட்டிய அளவிலேயே இருக்கும். இது எனக்கு அப்போது தெரியாது. ரீட்டா இறந்த பிறகு உடம்பும் இளைத்துவிட்டது. கீழ் செட் வாய்க்குள் நடமாட ஆரம்பித்தது. கோயிலில் நான் ஒரு முறை ஆமென் சொன்னால், அது கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை சொல்லும். முன் பெஞ்சில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் கூடவே திரும்பி எனக்குப் பின்னால் பார்ப்பேன்.

டாக்டரிடம் போகவேண்டியதுதானே என்பீர்கள். ஃபிட்டர் எங்கேயாவது தன் வேலைக்கு வேறு ஆளைக் கூப்பிடுவானா? லூஸாக இருக்கிற ஜாயின்ட்டுக்கு என்ன வைத்தியம் என்று இந்த அந்தோணிக்குத் தெரியாதா? டூல்ஸ் பெட்டியிலிருந்து டெஃப்லான் டேப்பை எடுத்தேன். குழாய் மரையில் சுற்றுவார்களே, அந்த வெள்ளை டேப். கீழ் செட்டின் விளிம்பு முழுக்க இழுத்து இழுத்துச் சுற்றி, அடியில் கொஞ்சம் மடித்து வைத்து, வாயில் அழுத்தினேன். நச்சென்று உட்கார்ந்தது. இரண்டு நாள் ஆடவில்லை, அசையவில்லை. அந்த வேலையை யாரிடமாவது காட்டிப் பாராட்டு வாங்க ஆசையாக இருந்தது. வீட்டில் யாரும் இல்லாததால் கண்ணாடியிலேயே காட்டிக்கொண்டேன்.

பிறகு மறுபடி ஆடியது. மறுபடி சுற்றினேன். சுற்றச் சுற்ற விளிம்பு தடித்தது, தடிக்கத் தடிக்க ஈறை உரசியது. அது போதாதென்று ராத்திரியும் கழற்றாமல் படுத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்படி இருக்கும்போது ஒருநாள், கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் நாக்குக்கு ஏதோ தட்டுப்பட்டது. சதை. மடிப்பு மடிப்பாக, தொட்டால் ஆடுகிற சதை. சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தேன். போகவில்லை. செட்டை மாட்டினால் அதன் விளிம்பு அந்த மடிப்புக்கு நடுவில் போய்ச் சௌகரியமாக உட்கார்ந்தது. அங்கேயே குடியிருந்ததைப் போல.

கம்பெனியில் என்னோடு மாவா மென்றவர்களில் சிலர் எப்படிப் போனார்கள் என்று பார்த்தவன் நான். இது அதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் பெயர் சொல்லிவிடுவார்கள், போகாதவரைக்கும் பெயர் இல்லை. இந்த அறிவாளித்தனத்தோடு பல நாள் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் புனேவிலிருந்து மகள் ஸ்டெல்லா வீடியோவில் கூப்பிடுவாள். அதற்காகவே செட்டை இறுக்கி மாட்டி, தலை வாரி, ஜன்னலோரம் உட்காருவேன்.

"டாடி, சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேம்மா."

"ஒடம்பு எப்டி இருக்கு?"

"சோக்கா கீறேன். எனக்கு இன்னா?"

அவள் பின்னால் பேரன் எதையாவது கவிழ்ப்பான். அவள் ஓடுவாள். நான் காலியான நாற்காலியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, நானே கட் செய்வேன். அவளிடம் சொன்னால் வேலையை விட்டு ஓடி வருவாள். வந்தால் அவள் முகத்தை நான் பார்க்கவேண்டும். அதற்குப் பயந்தேன்.

ஆனாலும் மனசு அடங்கவில்லை. வாய்க்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்துவிடவேண்டும். காலை வெளிச்சம் சமையலறை ஜன்னலில் நன்றாக விழும். ஒருநாள் அங்கே நின்று, இரண்டு செட்டையும் கழற்றி மேஜையில் வைத்தேன். சாம்பார் ஊற்றுகிற எவர்சில்வர் கரண்டியை வாய்க்குள் விட்டுக் கீழுதட்டை இழுத்து, கரண்டிக் குழியிலேயே அந்தச் சதை மடிப்பை ஏந்தி, இன்னொரு கையால் போனில் படம் எடுத்தேன். நிறையத் தடவை எடுத்து ஒன்று தெளிவாக விழுந்தது. பளபளவென்று கரண்டி, அதில் ஈரமாக, இளஞ்சிவப்பாக, கொசுவம் வைத்ததுபோல ஒரு சதை. உதடு, மூக்கு, மீசை எதுவுமே படத்தில் இல்லை. இந்த விவரத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். இதைத் தனியாகச் சுமக்க முடியாது, ஸ்டெல்லாவுக்கு அனுப்பிவிடலாம் என்று அந்த நிமிஷம் தோன்றியது. அனுப்பு என்று அழுத்தியதும், யாருக்கு என்று ஒரு வரிசை வந்தது. மூக்குக்கண்ணாடி போடவில்லை. மேலே இருந்ததை அழுத்தினேன்.

மேலே இருந்தது மகள் இல்லை. எனக்கு அடிக்கடி யார் செய்தி அனுப்புகிறார்களோ அவர்கள்தான் மேலே இருப்பார்கள். மகள் எங்கோ கீழே, மின்சார வாரியத்துக்கும் கீழே இருந்தாள். மேலே இருந்தது தனத்தின் மீன் குரூப்.

தனம் எங்கள் பக்கத்துக்கு மீன் கொண்டுவருகிறவள். விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்துவிட்டு, கூடையைப் படம் பிடித்துக் குரூப்பில் போடுவாள். கூடவே குரலையும் பதிந்து அனுப்புவாள். "சங்கரா வந்துக்கீது, நெத்திலி வந்துக்கீது, எறா பெருசா கீது, சீக்கிரம் சொல்லுங்கப்பா." பல நாட்களில் என் வீட்டுக்குள் கேட்கிற முதல் மனிதக் குரல் அதுதான். சில நாட்களில் கடைசிக் குரலும் அதுதான். அதனால் மீன் வாங்காத நாளில்கூட ஒரு கும்பிடு பொம்மையை அனுப்பி வைப்பேன்.

அனுப்பிய அடுத்த நொடியே என்ன செய்தேன் என்று புரிந்துவிட்டது. நல்லவேளை, அழிக்கிற வசதி இருக்கிறது. அழுத்தினேன். எனக்கு மட்டும் அழிக்கவா, எல்லோருக்கும் அழிக்கவா என்று போன் கேட்டது. என் வாய், என் அவமானம், எனக்கு மட்டும் அழித்தால் போதாதா என்று நினைத்தேன். படம் மறைந்தது. தோத்திரம் ஆண்டவரே என்று மூச்சு விட்டேன்.

என் போனிலிருந்து மட்டும்தான் மறைந்திருந்தது.

முதலில் மூன்றாவது மாடி பாபு, படம் போட்டது யார் என்றுகூடப் பார்க்காமல் எழுதினான். "அக்கா இது இன்னா மீனு? ஃப்ரெஷ்ஷா கீது. எனக்கு அரை கிலோ." அடுத்து பக்கத்துத் தெரு ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். அவர் குரூப்பில்கூடப் பிழையில்லாமல்தான் எழுதுவார். "இது சிப்பி வகையைச் சார்ந்ததா? சுத்தம் செய்து தர இயலுமா?" பிறகு ஓர் அம்மா, கடம்பா என்கிற கணவாயா, மீன் சினையா என்று கேட்டார். இன்னொருவர், குழந்தைக்குக் கொடுக்கலாமா, முள் இருக்குமா என்று கேட்டார். பாபு மறுபடி வந்து, வறுத்தால் நன்றாக இருக்கும் என்று தன் கருத்தைச் சொன்னான்.

நான் நாற்காலியில் செட் இல்லாத வாயோடு உட்கார்ந்து, என் சாவை ஊர் கிலோ கணக்கில் கேட்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வரவில்லை. இப்போது வருகிறது.

அப்போது தனத்தின் குரல் வந்தது. "யாருப்பா அது நம்ம குரூப்புல மீனு போட்டது? அந்தோணி அண்ணா, நீயா? இன்னாணா இது?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொல்வது அந்த நேரத்தில் சுலபமாகத் தெரிந்தது. "கடம்பா. நேற்று வாங்கியது" என்று எழுதினேன். உடனே போனே அடித்தது. தனம்தான்.

"எங்க வாங்குன?"

"திருவொத்தியூர்ல" என்றேன். பல் இல்லாததால் அந்த ஊர்ப் பெயரில் பாதி காற்றாகப் போயிற்று.

"நேத்து எங்கிட்ட இன்னா சொன்ன? வாய் நோவுது, மீனு வாணாம்ன. செரி, நோவுதுபோலன்னு நானும் வுட்டுட்டேன். நீ திருவொத்தியூர் வரிக்கும் போய் கடம்பா வாங்கினு வந்துக்கீற. நான் இன்னா அழுகுன மீனா குடுத்தேன் உனுக்கு?"

"அப்டி இல்ல தனம்."

"அது நல்ல கடம்பாவே இல்ல. கலரப் பாத்தாலே தெரீது, நாள்பட்டுப் போச்சி. எவனோ உன்ன ஏமாத்திக்கீறான். துன்னாத. நான் வந்துகினு கீறேன்."

வாணாம் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டாள். நான் எழுந்து ஓடி, கீழ் செட்டை எடுத்து வாயில் திணித்தேன். அவசரத்தில் டேப் அவிழ்ந்து, ஒரு முனை வாய்க்கு வெளியே தொங்கியது. இழுத்தேன், வந்துகொண்டே இருந்தது. செட்டைத் துப்பி மேஜையில் போடவும் கதவு தட்டவும் சரியாக இருந்தது.

கதவைக் கொஞ்சமாகத் திறந்து, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றேன். தனம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கூடையைத் தன் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். "எங்க அது?" என்று நேராக ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உள்ளே ஒரு பால் பாக்கெட்டும் அரைமூடித் தேங்காயும் இருந்தன. கீழ்த்தட்டைப் பார்த்தாள், மேல்தட்டைப் பார்த்தாள், கதவுப் பக்கத்தையும் பார்த்தாள்.

"இன்னாணா, ஒண்ணியுமே இல்ல. இன்னாதான் துன்ற நீ?"

அவள் திரும்பினாள். மேஜையில் முகம் பார்க்கும் கண்ணாடி, டார்ச், டேப் வால் தொங்கும் செட், அந்தக் கரண்டி. தனம் தன் போனை எடுத்துப் படத்தைப் பார்த்தாள். கரண்டியைப் பார்த்தாள். மறுபடி படம். பிறகு என் துண்டைப் பார்த்தாள்.

"அண்ணா. இது உன் வாயா?"

தலையாட்டினேன்.

"துண்ட எடு. வாயத் தொற."

"வாணாம் தனம். கலீஜா கீது."

"மீனு கழுவுறவகிட்ட கலீஜுன்னு சொல்ற. தொற."

என்னைச் செட் இல்லாமல் பார்த்தவள் ரீட்டா ஒருத்திதான். பெற்ற மகள்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் திறந்தேன். தனம் ஒரு கையால் போன் விளக்கைப் பிடித்து, இன்னொரு கையால் என் தாடையைத் தாங்கி உதட்டை இறக்கினாள். கையில் மீன் வாடை. என் முகத்தை யாராவது தொட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. (வாயைத் திறந்துகொண்டே அழுவது மிகவும் கஷ்டம். எச்சில் எது கண்ணீர் எது என்று கணக்குத் தெரியாது.)

அவள் விளக்கை அணைத்தாள். கோபமெல்லாம் போய்விட்டிருந்தது.

"எங்க வூட்டுக்காரருக்கும் வாயிலதான் வந்துச்சி" என்றாள். "கெளம்பு."

"நாளிக்குப் போறேன்."

"அவரும் நாளிக்கி நாளிக்கின்னுதான் சொல்லிகினு இருந்தாரு. சட்டய மாட்டு."

செட்டை எதில் எடுத்துப் போவது என்று நான் தேடுவதற்குள் அவள் இடுப்பிலிருந்து ஒரு மீன் கவரை உருவி, உதறி, அதற்குள் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டாள். ஆட்டோவில் போனோம். கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல ரோட்டை அடைத்து நின்றன. தனம் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதும் கத்திக்கொண்டிருக்கிற ஆள் வாயை மூடிக்கொண்டு வந்தது, எனக்கு லாரிகளைவிடப் பெரிய பயமாக இருந்தது.

அரசு பல் ஆஸ்பத்திரியில் என்னை ஒரு சாய்வு நாற்காலியில் ஏற்றினார்கள். என் மகளைவிடச் சின்னவளாக ஒரு டாக்டர் வந்தார். விளக்கைத் திருப்பி, வாய்க்குள் கண்ணாடி விட்டு, சதையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் பார்த்தார்.

"செட் எடுத்துட்டு வந்திருக்கீங்களா ஐயா?"

தனம் மீன் கவரை நீட்டினாள். டாக்டர் முடிச்சை அவிழ்த்து, ஒரு நொடி மூச்சைப் பிடித்துவிட்டு, செட்டை எடுத்தார். டேப் முனையைப் பிடித்து இழுத்தார். அது நீண்டுகொண்டே போனது.

"இது என்ன?"

"டெஃப்லான் டேப்புமா."

"எதுக்கு?"

"லூஸா இருந்துச்சி. டைட் பண்ணேன்."

அவர் பக்கத்து நாற்காலி டாக்டரைக் கூப்பிட்டார். அந்த டாக்டர் மாணவர்களைக் கூப்பிட்டார். என் தலைக்கு மேலே முகக்கவசமும் கண்களுமாக நிறைந்துவிட்டது. ஒரு மாணவர், இவ்வளவு ஒழுங்காக எப்படிச் சுற்றினீர்கள் என்று கேட்டார். வாழ்நாளில் என் டேப் வேலையைப் பாராட்டிய ஒரே ஆள் அவர்தான். நான் உற்சாகமாகி, மரை போகிற திசையிலேயே சுற்றவேண்டும், நடுவில் விரலை எடுக்கக் கூடாது என்று விளக்க ஆரம்பித்தேன். (புற்றுநோய் என்று நினைத்துச் சாவதற்குத் தயாராக இருந்தவன் நான்தான். இதையும் சொல்லிவிடவேண்டும்.)

டாக்டர் எல்லோரையும் அனுப்பிவிட்டு உட்கார்ந்தார்.

"ராத்திரி கழட்டி வெப்பீங்களா?"

"இல்லமா."

"கழட்டணும்னு சொல்லலயா? ஏன் கழட்டல?"

பொய் சொல்லித்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்று அலுத்துப்போய், உள்ளதைச் சொன்னேன். "தனியா கீறேன். தூக்கத்துல எதுனா ஆயிட்டா, கதவ ஒடச்சிகினு வர்றவங்க என்ன பல்லு இல்லாம பாக்கக் கூடாதுன்னு."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"கூட வந்திருக்கிறது யாரு?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

"மீன்காரி" என்றாள் தனம். "இவுரு வாயி என் குரூப்புல வந்துச்சி. அதான் இட்டுகினு வந்தேன்."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் கேட்கவேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். செருப்பு கடித்துக்கொண்டே இருந்தால் காலில் காய்ப்பு வருகிறதில்லையா, அதுபோல லூஸான செட்டின் விளிம்பு ஒரே இடத்தில் உரசிக்கொண்டே இருந்தால் சதை மடிப்பு மடிப்பாக வளரும். டேப் சுற்றியது எரிகிற அடுப்பில் இன்னும் விறகு வைத்த கதை. பார்வைக்குக் கெட்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பித்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அதுவரை செட் வாய்க்குள் போகவே கூடாது. கொஞ்சம் தானாகச் சுருங்கும், மிச்சத்தை எடுத்துவிடலாம். புண் ஆறியதும் புது செட்.

வெளியே வந்ததும் தனம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, முகத்தை முந்தானையால் துடைத்து, என்னை ஒருமுறை திட்டினாள். பிறகு போனை வாய்க்கு நேராகப் பிடித்தாள். என்ன செய்யப்போகிறாள் என்று நான் உணர்வதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அல்லாரும் கேட்டுக்கோங்க. காலைல வந்தது மீனு இல்ல. கடம்பாவும் இல்ல. அது நம்ம அந்தோணி அண்ணன் வாயி. பல்லு செட்டு ஒரசி சத வளந்துக்கீது. டாக்டரு வெட்டி டெஸ்ட்டு பண்றேன்னு சொல்லிக்கீறாங்க. பாபு, உன் அரை கிலோ கேன்சலு. அண்ணனால மென்னு துன்ன முடியாது. அவுரு வூட்ல ஒண்ணியும் இல்ல, ஃப்ரிட்ஜுல நான் பாத்துட்டு வந்தேன். யாரு இன்னா செய்வீங்களோ செய்யுங்க."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். பிளக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இனிமேல் தெருவில் தலைகாட்ட முடியாது, திருப்பலிக்கு வேறு பங்குக் கோயிலுக்குத்தான் போகவேண்டும் என்று தீர்மானித்தேன். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. பாபு. கையில் தூக்கு. உள்ளே ரசத்தில் குழைத்த சோறு. அவன் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, வறுத்தா நல்லா இருக்கும்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்கோங்க" என்றான். அடுத்த நாள் தலைமை ஆசிரியர் வீட்டிலிருந்து கேழ்வரகுக் கூழ், பிழையில்லாத ஒரு விசாரிப்போடு வந்தது. தனம் சுறாப்புட்டு செய்து கொண்டுவந்தாள். பல் இல்லாதவனுக்கு ஆண்டவர் படைத்த மீன் சுறா. வாயில் வைத்தால் போதும், தானே போய்விடும்.

ஆனால் அவரவர் தூக்கை வாங்கிக்கொண்டு போன பிறகு வீடு பழையபடியே இருந்தது. சதையை வெட்டி எடுத்து, தையல் போட்டு, சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அந்த வீட்டில் நானும் தைத்த ஈறும்தான். ஊரே விசாரித்தாலும் அந்தப் பயத்தை ஒருவன் தனியாகத்தான் வைத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா கூப்பிட்டாள். நான் கேமராவை அணைத்து வைத்தேன். போன் கெட்டுவிட்டது என்றேன்.

"டாடி, உங்க பேச்சு ஏன் ஒரு மாதிரி இருக்கு? கேமராவப் போடுங்க."

போட்டேன். திரையில் அவள் முகமும், ஒரு மூலையில் சின்னதாக என் பொக்கைவாயும். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். டேப், கரண்டி, கடம்பா, பாபுவின் அரை கிலோ. அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து நழுவிவிட்டாள். நானும் சிரித்தேன். அப்புறம் பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டிருக்கவில்லை.

"ஏன் டாடி எங்கிட்ட மொதல்ல சொல்லல?"

"உனுக்குத்தான்மா அனுப்புனேன். உன் பேரு கீழ போயிட்டிருந்துச்சி."

குற்றம் சொல்லவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன். பேரன் பின்னால் எதையோ கவிழ்த்தான். இந்த முறை அவள் எழுந்து போகவில்லை.

சோதனை முடிவு நல்லபடியாக வந்தது. வெறும் சதை, வேறொன்றும் இல்லை. தனம் காசிமேட்டிலிருந்தே அதையும் குரூப்பில் அறிவித்தாள், சங்கராவுக்கும் நெத்திலிக்கும் நடுவில். புண் ஆறியதும் புது செட் கட்டினார்கள். ஆடவில்லை. டூல்ஸ் பெட்டியைத் தனம் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இன்னும் திருப்பித் தரவில்லை.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. பேரன் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் கடம்பா வறுவல் வந்தபோது, ஸ்டெல்லா சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னாலும், "டாடி, உங்க ஃபோட்டோ வந்திருக்கு, பாருங்க" என்றாள். தெரியாதவர்களுக்கு முழுக்கதையும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவள் சொல்லும்போது கரண்டி பெரிதாகிறது. விட்டுவிட்டேன்.

சோதனை முடிவு வந்த வாரமே அவள் தனத்திடம் பேசி, மீன் குரூப்பில் சேர்ந்துகொண்டாள். புனேவில் இருந்துகொண்டு காசிமேட்டு மீனை அவளால் வாங்க முடியாது. தனம் கூடையைப் படம் பிடித்துப் போட்டதும், யாரும் சங்கரா கேட்பதற்கு முன்னால் ஸ்டெல்லாவின் கேள்வி வந்துவிடும். "டாடி, இன்னிக்கு வாய் ஃப்ரெஷ்ஷா?" பாபு அதற்குக் கீழே தன் அரை கிலோவைப் போடுவான். நான் பதில் போடும்வரை தனம் யாருக்கும் விலை சொல்லமாட்டாள். ஒருநாள் தூங்கிவிட்டேன். தனமும் பாபுவும் ஓடி வந்து கதவை இடித்த இடியில் தாழ்ப்பாள் கழன்று, அதை நானேதான் மாட்டவேண்டியிருந்தது.

அதனால் இப்போதெல்லாம் கண் விழித்ததும் போனைத்தான் தேடுகிறேன். ஃப்ரெஷ் என்று எழுதிப் போடுகிறேன். பல்லை அப்புறம்தான் மாட்டுகிறேன்.